பத்தடி உயரத்தில் ஒரு நீலக் கோடு

கேள்வி இது: "நுண்கலைக் கல்லூரியில் கடைசி வருடம் படிக்கிறேன். கடல்மட்டம் உயர்வதைப் பற்றி மக்களுக்கு உணர்த்துகிற மாதிரி ஒரு நிறுவல் கலையை (இன்ஸ்டலேஷன்) சென்னைக் கடற்கரைப் பக்கம் செய்ய ஆசை. இதனால் உண்மையிலேயே ஏதாவது நடக்குமா, இல்லை நாலு பேர் செல்ஃபி எடுத்துக்கொண்டு போவதோடு சரியா?"

நடக்கும். ஆனால் எல்லா வேலைகளாலும் நடந்துவிடாது. இந்த வகை வேலைகளைப் பல வருடங்களாகக் கவனித்து வருகிறேன். மனதில் தங்கியவை பெரும்பாலும் ஒரே காரியத்தைத்தான் செய்திருக்கின்றன: தண்ணீர் எந்த உயரம் வரை வரும் என்பதை, ஆட்கள் தினமும் நடக்கிற இடத்திலேயே குறித்துக் காட்டியிருக்கின்றன. பிரமாண்டத்தையும் அழகையும் மட்டும் நம்பியவை புகைப்படமாக உலகைச் சுற்றி வந்தன, ஊருக்குள் இறங்கவில்லை. நியூயார்க்கிலிருந்து தொடங்குகிறேன். அங்கே ஒரு கலைஞர் போட்ட கோட்டைப் புயலே வந்து சரிபார்த்தது.

2007-இல் ஈவ் மோஷர் என்ற கலைஞர், பேஸ்பால் மைதானத்தில் கோடு போடும் தள்ளுவண்டி ஒன்றுடன் தெருவில் இறங்கினார். நம் ஊரில் கபடிக்கும் வாலிபாலுக்கும் சுண்ணாம்புக் கோடு போடுவோமே, அதே வேலைக்கான கருவிதான். உள்ளே வெள்ளைப் பொடிக்குப் பதில் நீலப் பொடி. கடல்மட்டத்திலிருந்து 10 அடி உயரம் எங்கெல்லாம் வருகிறது என்று நிலவரைபடத்தில் பார்த்து, அந்தப் புள்ளிகளை இணைத்துக்கொண்டே புரூக்ளினிலும் மன்ஹாட்டனின் தென்பகுதியிலும் நடந்தார். நடைபாதை, பூங்கா, வண்டி நிறுத்துமிடம், கிடங்கு வாசல் என்று கோடு போன வழியெல்லாம் அவரும் போனார். மாதக்கணக்கில் நடந்து, கிட்டத்தட்ட 70 மைல் தூரம் இழுத்தார். 'ஹைவாட்டர்லைன்' என்று அதற்குப் பெயர் வைத்தார்.

10 அடி என்பது குத்துமதிப்பாக எடுத்த எண் இல்லை. நூறாண்டுக்கு ஒருமுறை வரலாம் என்று கணக்கிடப்பட்ட புயல் வெள்ளத்தின் உயரம் அது. கடல் உயர உயர அதே வெள்ளம் இன்னும் அடிக்கடி வரும் என்று விஞ்ஞானிகள் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார்கள். அந்த அறிக்கையைத் தேடிப் படித்தவர்கள் கொஞ்சம் பேர். ஆனால் முன்பின் தெரியாத ஒரு பெண் தன் வாசல் வழியாக நீலக் கோடு போட்டுக்கொண்டு போனால் யார் சும்மா இருப்பார்கள்? வந்து கேட்டார்கள். அவரும் வண்டியை நிறுத்திவிட்டுப் பதில் சொன்னார், விவரத்தாள் கொடுத்தார், திரும்ப நடந்தார். கோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கிறவர்கள் தண்ணீருக்குள், அந்தப் பக்கம் இருக்கிறவர்கள் கரையில். விளக்கம் அவ்வளவுதான். மழை பெய்ததும் கோடு கரைந்து போயிற்று.

ஐந்து வருடம் கழித்து, 2012 அக்டோபர் 29 இரவு, சாண்டி புயல் வந்தது. மன்ஹாட்டனின் தென்முனையில் பேட்டரி என்ற இடத்தில் ஓதத்தை, அதாவது கடலின் தினசரி ஏற்ற இறக்கத்தை, அளக்கும் ஓதமானி, வழக்கமான நீர்மட்டத்துக்கு மேல் 9 அடிக்கும் அதிகமாகக் கடல் எழும்பியதைப் பதிவு செய்தது. நகரத்தின் நிலப்பரப்பில் 51 சதுர மைல், அதாவது 17 சதவீதம், தண்ணீருக்கடியில் போனது. நகரத்துக்குள் மட்டும் நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். வெள்ளம் பல இடங்களில் மோஷர் கோடு போட்ட அதே தெருக்கள் வரை வந்து நின்றது, சில இடங்களில் தாண்டியும் போனது. அந்தக் கோடு ஒரு சுவரைக்கூடக் கட்டவில்லை என்பதும் உண்மை. கரையை உயர்த்தும் பெரிய திட்டங்களெல்லாம் புயலுக்குப் பிறகுதான் கையெழுத்தாயின. ஆனாலும் ஒரு கலைப்படைப்பு பொடியால் சொன்னதைக் கடல் தண்ணீரால் திருப்பிச் சொன்ன இடம் உலகத்தில் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். அதனால்தான் இதிலிருந்து தொடங்கச் சொல்கிறேன்.

இந்த விஷயத்தில் கலை ஏன் தேவைப்படுகிறது என்பதற்கு எண்ணிலேயே பதில் இருக்கிறது. 1901 முதல் 2018 வரை உலகின் சராசரிக் கடல்மட்டம் சுமார் 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. 2006-க்குப் பிந்தைய வேகம் வருடத்துக்கு 3.7 மில்லிமீட்டர் என்று ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி. கணக்கிட்டது. இரண்டு நாணயத்தை ஒன்றன்மேல் ஒன்று வைத்த கனம். இதைக் கேட்டு யாருக்கும் பயம் வராது, வரவேண்டிய அவசியமும் இல்லை. சூடேறும் தண்ணீர் விரிவதாலும், நிலத்தின் மேல் கிடக்கும் பனி உருகி வந்து சேர்வதாலும் நடக்கிற இந்த உயர்வு, அலையாக வந்து யாரையும் அடித்துக்கொண்டு போவதில்லை. புயல் ஏறி நிற்கிற படியை அது கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்திக்கொண்டே போகிறது. பேட்டரியில் ஒரு நூற்றாண்டில் கடல் ஏறக்குறைய ஓர் அடி உயர்ந்திருந்தது. சாண்டி அந்த ஓர் அடியின் மேல் நின்றுகொண்டுதான் கையை நீட்டியது. இந்த மெதுவான கணக்கைக் கண்ணுக்குத் தெரிகிற ஒரு பொருளாக மாற்றுவதுதான் கலைஞரின் வேலை.

புளோரிடாவில் சேவியர் கோர்ட்டாடா இதை இன்னும் எளிமையாகச் செய்தார். 2018 டிசம்பரில் மயாமிக்குத் தெற்கே உள்ள பைன்கிரெஸ்ட் என்ற ஊரில், அவரவர் வீட்டு முற்றத்தில் ஒரு பலகையை நடச் சொன்னார். பலகையில் ஒரே ஓர் எண். அந்த வீடு நிற்கும் நிலம் கடல்மட்டத்திலிருந்து எத்தனை அடி உயரத்தில் இருக்கிறது என்பது. எண்ணுக்குப் பின்னால் உள்ள நீல ஓவியம், அண்டார்டிகாவில் அந்தக் கண்டத்தின் பனியையே கரைத்து அவர் வரைந்தவற்றிலிருந்து எடுத்தது. என் வீடு 8, எதிர்வீடு 5. உடனே ஒரு கேள்வி எழுகிறது: எனக்கு முன்னால் மூழ்கப்போகிற வீட்டுக்காரரோடு நான் என்ன பேசுவது? எதிர்வீடு மூழ்கினால் என் வீட்டுக்குப் போகும் தெருவும் மூழ்கும், கழிவுநீர்க் குழாயும் மூழ்கும் என்பது அடுத்த கேள்வி. அதை வெறும் கேள்வியோடு விடாமல் 'நீருக்கடி வீட்டு உரிமையாளர் சங்கம்' என்ற பெயரில் ஆட்களைக் கூட்டினார். படைப்பு ஒரு சங்கமாக மாறியது. வீட்டு விலை விழுந்துவிடுமோ என்று கவலைப்படுகிற ஊரில், எண்ணைச் சொந்த வாசலில் ஊன்றுவது சின்ன விஷயம் இல்லை.

நீங்கள் இணையத்தில் பார்த்து மயங்கியிருக்கக்கூடிய படம் ஒன்றைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இருட்டில் வெள்ளை வீடுகள், அவற்றின் சுவரை ஒட்டி ஓடும் மெல்லிய வெள்ளை ஒளிக்கோடு. ஸ்காட்லாந்தின் மேற்கே வெளி ஹெப்ரிடீஸ் தீவுகளில், நார்த் யூயிஸ்ட் தீவின் லாக்மாடி என்ற சிற்றூரில், பெக்கா நீட்டிவிர்ட்டா, டீமோ ஆஹோ என்ற இரண்டு பின்லாந்துக் கலைஞர்கள் 2018-இல் அமைத்தது. படைப்பின் பெயரே அந்த இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும்தான். உணர்கருவிகள் ஓதத்தைக் கவனித்தன, கடல் ஏறும் நேரத்தில் விளக்கு எரிந்தது, வருங்காலத்தில் தண்ணீர் எங்கே நிற்கும் என்பதைச் சுவரில் காட்டியது. அதில் எனக்கு முக்கியமாகப் படுவது புகைப்படத்தில் தெரியாத ஒன்று. கோடு சுற்றிவந்த அந்தக் கட்டடம் ஊரின் அருங்காட்சியகமும் கலை மையமும். புயலலை, அதாவது புயல் கரைமேல் தள்ளும் கடல்நீர், அங்கே எவ்வளவு உயரும் என்ற கணிப்பு காரணமாக, அதே இடத்தில் அந்த மையத்தை விரிவாக்க முடியாத நிலை இருந்தது. கட்டடம் தன் கதையைத் தன் சுவரிலேயே எழுதிக்கொண்டு நின்றது. அதே தீவுக்கூட்டத்தில் 2005 ஜனவரிப் புயலில், கடல் ஏறிவந்த இரவில் தப்பிக்கக் கிளம்பிய ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஐந்து பேர் இறந்திருக்கிறார்கள். லாக்மாடிக்காரர் ஒருவருக்கு அந்த ஒளிக்கோடு என்னவாகத் தெரியும், இன்ஸ்டாகிராமில் பார்க்கிறவருக்கு என்னவாகத் தெரியும்? படம் போன தூரத்துக்கு அந்தச் சேதி போகவில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. உங்கள் வேலையும் படமாகத்தான் அதிகம் பேருக்குப் போய்ச்சேரும். படத்துக்குள்ளேயே ஊரின் பெயரும் உயரமும் தெரிகிற மாதிரி அமைக்க முடியுமா என்று யோசியுங்கள்.

உருகும் பனியைக் கொண்டுவந்து வைப்பது இன்னொரு வழி. ஓலாஃபுர் எலியாசன் என்ற கலைஞர், கிரீன்லாந்தில் பிறந்த புவியியலாளர் மினிக் ரோசிங்கோடு சேர்ந்து 2014-இல் கோபன்ஹேகனிலும், 2015 டிசம்பரில் காலநிலை மாநாடு நடந்தபோது பாரிஸிலும், 2018-இல் லண்டனிலும் பெரிய பனிப்பாறைத் துண்டுகளைத் திறந்தவெளியில் வைத்தார். பாரிஸில் பன்னிரண்டு துண்டுகள், கடிகார முகம்போல வட்டமாக. குழந்தைகள் கட்டிப்பிடித்தார்கள், பெரியவர்கள் காது வைத்துக் கேட்டார்கள். பல்லாயிரம் வருடம் பழைய காற்றுக்குமிழிகள் வெடிக்கும் சத்தம் கேட்குமாம். தொடுகிற அனுபவத்தில் இதற்கு ஈடு இல்லை. ஆனால் ஒரு நுணுக்கம் இருக்கிறது, உங்களிடமும் யாராவது கேட்பார்கள். டம்ளரில் ஐஸ் மிதக்க விட்டு விளிம்புவரை தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், ஐஸ் உருகினாலும் தண்ணீர் வழியாது. கடலில் மிதக்கிற பனி உருகுவதால் கடல்மட்டம் கிட்டத்தட்ட மாறுவதே இல்லை. எலியாசன் எடுத்த துண்டுகளும் ஃபியார்டில், அதாவது நிலத்துக்குள் நீளும் குறுகிய கடற்கழியில், மிதந்தவைதான். அவை கிரீன்லாந்தின் நிலப்பனியிலிருந்து உடைந்து தண்ணீரில் விழுந்த அந்த நிமிடமே கடலை உயர்த்திவிட்டன. கிரீன்லாந்துப் பனி முழுவதும் கடலுக்கு வந்தால் உயர்வு 7 மீட்டருக்கு மேல். நிலத்தின் பனி, கடலின் பனி என்ற வித்தியாசத்தைத் தவறவிட்ட சுவரொட்டிகளை எத்தனையோ பார்த்திருக்கிறேன். ஒரு பள்ளி மாணவி டம்ளர் சோதனையைச் செய்து காட்டிக் கேட்டால் அந்தச் சுவரொட்டிக்காரரால் பதில் சொல்ல முடியாது.

காலத்தை அளந்து வைப்பதிலும் கவனம் வேண்டும். லண்டனில் 2012-இல் மைக்கேல் பின்ஸ்கி மூன்று நினைவுத்தூண்களைச் சுற்றி, கடல்மட்டத்துக்கு 28 மீட்டர் மேலே, நீல விளக்கு வளையம் மாட்டினார். ஆயிரம் வருடம் கழித்து, 3012-இல் தண்ணீர் அங்கே நிற்கலாம் என்பது கருத்து. நேர்த்தியான வேலை. ஆனால் ஆயிரம் வருடம் என்றதும் மனசு பாரத்தை இறக்கி வைத்துவிடுகிறது. பேரன் பேத்தி காலம்வரை நாம் வருத்தப்படுவோம், முப்பது தலைமுறைக்கு அப்பால் யாருக்காக? உங்கள் கோடு 2100-ஐத் தாண்ட வேண்டாம். புவியைச் சூடாக்கும் வாயுக்களின் உமிழ்வு மிக அதிகமாக இருந்தால்கூட இந்த நூற்றாண்டின் இறுதிக்கு ஐ.பி.சி.சி. தருகிற உத்தேச வரம்பு 63 சென்டிமீட்டரிலிருந்து 1 மீட்டர்வரை. பனித்தகடுகள் நினைத்ததைவிட வேகமாக உடைந்தால் அதைவிட மேலே போகவும் வழியுண்டு. முட்டி உயரம், இடுப்பு உயரம். அதுவே போதும், அதற்குமேல் புயலலையைச் சேர்த்துக் காட்டினால் தலைக்குமேல் போய்விடும்.

தேம்ஸ் நதியில் ஜேசன் டிகேர்ஸ் டெய்லர் 2015-இல் நிறுத்திய நான்கு குதிரைவீரர் சிலைகள் எனக்கு மிகவும் பிடித்தவை. குதிரைகளின் தலை இருக்கவேண்டிய இடத்தில் எண்ணெய்க் கிணற்றின் இறைப்பான். தூரத்தில் நாடாளுமன்றம். ஓதம் ஏறும்போது சிலைகள் மூழ்கின, வடியும்போது வெளியே வந்தன, தினம் இரண்டு தடவை. ஆனால் இதைச் சென்னையில் அப்படியே செய்ய முடியாது. லண்டனில் தேம்ஸின் ஓதவீச்சு, அதாவது ஏற்றத்துக்கும் வடிவுக்கும் உள்ள உயர வித்தியாசம், 7 மீட்டர்வரை போகும். சென்னையில் அமாவாசை பௌர்ணமி நாளில்கூட அது ஒரு மீட்டரை ஒட்டித்தான். சிலை முழுசாக மூழ்காது, அதற்குள் அலை அதைப் புரட்டிப் போட்டிருக்கும்.

ஆளைப் பயமுறுத்தினால் போதுமா என்பதற்கும் ஒரு சான்று இருக்கிறது. பாரிஸ் மாநாட்டையொட்டி வைக்கப்பட்ட 37 கலைப்படைப்புகளைப் பார்த்த 874 பேரிடம் நார்வேப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஆய்வாளர்கள் லாரா சோமர், கிறிஸ்டியன் க்ளாக்னர் இருவரும் கேள்வித்தாள் கொடுத்துப் பதில் வாங்கினார்கள். விடைகளை வைத்துப் படைப்புகளை நான்கு வகையாகப் பிரித்தார்கள். இனிய கனவைக் காட்டுபவை, கேடு சூழ்ந்த வருங்காலத்தைக் காட்டுபவை, புராணச் சாயலில் மந்தமாக நின்றவை, வியக்கவைக்கும் விதத்தில் ஒரு வழியைக் காட்டுபவை. பார்த்தவர்களின் உணர்ச்சியையும் சிந்தனையையும் அதிகம் கிளப்பியது கடைசி வகை. அதில் சேர்ந்தவை 37-இல் மூன்றே மூன்று. மூழ்கிய வீட்டைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள் என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம். கோட்டுக்குப் பக்கத்தில் சதுப்புநிலம் எங்கே இருக்கிறது, மழைநீர்க் கால்வாய் எங்கே அடைபட்டிருக்கிறது, எந்த மேட்டுக்கு ஓடவேண்டும் என்பதும் இருக்கட்டும். மயாமியில் 2013-இல் மோஷரின் கோட்டை ஊர்க்காரர்களே வண்டி தள்ளிப் போட்டார்கள். கோடு போட்டவர் அந்த ஊர்க்காரர் என்றால், அடுத்த கேள்விக்குப் பதில் சொல்ல அவர் மறுநாளும் அங்கேயே இருப்பார்.

இனி சென்னைக்கு வருகிறேன். நீங்கள் கேட்காத, ஆனால் முதலில் தெரிந்திருக்கவேண்டிய மூன்று விஷயங்கள்.

கடல் அரித்த வீட்டைக் கண்டதும் கடல்மட்ட உயர்வு என்று பெயர் வைத்துவிடாதீர்கள். நம் கரையில் மணல் வருடத்தின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் துறைமுகச் சுவர் கடலுக்குள் நீண்டதும் அந்த மணல் தெற்கே தேங்கி மெரினாவை அகலமாக்கியது, வடக்கே ராயபுரம் பக்கம் மணல் கிடைக்காமல் கரை அரிபட்டது. வடசென்னைக்காரர் வீடு இழந்ததற்கு முதல் காரணம் அந்தச் சுவர். காலநிலையின் தலையில் மட்டும் அதைக் கட்டினால், அங்கே பிறந்து வளர்ந்தவர் உங்கள் வேலையை ஒரே பார்வையில் ஒதுக்கிவிடுவார்.

இரண்டாவது, சுனாமி. நம் கரையில் சுவரில் நீலக்கோடு போட்டால் யாருக்கும் 2100 ஞாபகம் வராது, 2004 டிசம்பர் 26 ஞாபகம் வரும். அந்தக் கோட்டுக்குக் கீழே பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் இன்னும் அதே தெருவில் இருக்கிறார்கள். முதலில் போய் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

மூன்றாவதுதான் எனக்கு அதிகம் கவலை தருவது. மீனவர் குப்பத்தில் வெளியாள் வந்து தரையில் கோடு போட்டாலோ வீட்டுச் சுவரில் எண் எழுதினாலோ அதற்கு ஒரே அர்த்தம்தான்: அளக்கிறார்கள், காலி செய்யச் சொல்லப் போகிறார்கள். பைன்கிரெஸ்டில் எண் பலகை வைத்தவர்களுக்குப் பட்டாவைப் பற்றிய பயம் இல்லை. இங்கே உண்டு. ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் சொல்லாமல், பெரியவர்களும் மீன் விற்கும் அம்மாக்களும் ஒத்துக்கொள்ளாமல் ஒரு பிடிப் பொடியைக்கூடத் தூவாதீர்கள். கடலைத் தினம் பார்க்கிற அவர்களுக்கு விழிப்புணர்வு தருவதற்கு நாம் யார் என்பதையும் யோசியுங்கள். கோடு தேவைப்படுவது கடலைப் பார்க்காமலே கடலோரத்தில் வாழ்கிறவர்களுக்கு. கடற்கரையை ஒட்டிய அடுக்குமாடிகளிலும், சதுப்பு நிலத்தின் மேல் எழுந்த அலுவலகக் கட்டடங்களிலும் அவர்கள் இருக்கிறார்கள். வண்டி நிறுத்தும் அடித்தளத் தூண்களில் போடுங்கள் அந்தக் கோட்டை.

எந்த உயரத்தில் போடுவது என்பதற்குக் கற்பனை தேவையில்லை. கடலோரத்தில் எங்கே என்ன கட்டலாம் என்று மத்திய அரசு வகுத்த கடலோர ஒழுங்குமுறை மண்டல (சி.ஆர்.இசட்.) அறிவிக்கையில் 'அபாயக் கோடு' என்று ஒன்று இருக்கிறது. கடல்மட்ட உயர்வையும் வெள்ளத்தையும் கரை மாற்றத்தையும் கணக்கில் எடுத்து இந்திய நில அளவைத் துறை வரைந்தது. வரைபடத்தில் உள்ள அந்தக் கோட்டைத் தரையில் பார்த்தவர்கள் அநேகமாக இருக்க மாட்டார்கள். மோஷருக்குக் கிடைத்த 10 அடிக் கோட்டைப்போல உங்களுக்கு அரசே ஒரு கோட்டை வரைந்து வைத்திருக்கிறது.

தொடங்குவதற்கு இந்த வாரமே செய்யக்கூடிய வேலை ஒன்று சொல்கிறேன். உங்கள் வீட்டுக்குப் பக்கத்து ரயில் நிலையத்துக்குப் போய், நடைமேடையின் கோடியில் நிற்கும் மஞ்சள் பலகையைப் பாருங்கள். ஊர்ப் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் எம்.எஸ்.எல். என்று போட்டு ஓர் எண் இருக்கும். சராசரிக் கடல்மட்டத்திலிருந்து அந்த இடம் எத்தனை மீட்டர் உயரம் என்பது அது. அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு, கடற்கரையை நோக்கி நடந்தே போங்கள். எந்தத் தெருவில் எவ்வளவு இறங்குகிறது என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே போங்கள். யாராவது என்ன எழுதுகிறாய் என்று கேட்டால் நின்று சொல்லுங்கள்.